பற்றும் வரவும்: பள்ளி மாணவர்க்குக் கணக்குப் பதிவியல் கற்பித்தல்

மகாராஷ்டிர மாநிலத்தில் பத்தாம் வகுப்பில் தேறி வணிகப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், ஜூனியர் கல்லூரி எனப்படும் பதினோராம் வகுப்பில் தமக்கு முற்றிலும் புதியதான ஒரு பாடத்தைச் சந்திக்கின்றனர். கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவற்றை அவர்கள் பத்தாண்டுகள் பயின்றவர்கள். கணக்குப் பதிவியல் என்னும் பாடத்துக்கோ முன் அறிமுகம் எதுவும் இல்லை. முதல் வாரத்திலேயே 'நாவே', 'ஜமா' என்னும் இரு சொற்கள் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. அவற்றை ஆளும் மூன்று விதிகள் மனப்பாடம் செய்யப்படுகின்றன. ஆண்டு இறுதியில் இலாப நட்டக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் பிழையின்றி எழுதிவிடுகிற மாணவருள் பலரிடம், ஒரு கடையில் ரொக்கம் குறைந்துகொண்டிருக்கும்போதே இலாபம் வருவது எவ்வாறு என்று கேட்டால் விடை வருவதில்லை. தமிழ்நாட்டில் மேனிலை வகுப்பு ஆசிரியர்களும் இதே நிலையைக் கண்டிருப்பர்.

இக்குறை மாணவரின் அறிவைப் பற்றியது அன்று. பாடத்தை எவ்விடத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பற்றியது. கணக்கேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவும் எவர் எதற்குப் பொறுப்பாளர் என்பதைக் கூறும் வாக்கியமாகும். அவ்வாறு கற்பிக்கப்படாமல், இடப்புறம் வலப்புறம் என்னும் இட விதியாக அது கற்பிக்கப்படுகிறது. விளைவுகள் தேர்வு மண்டபத்தோடு முடிவதில்லை என்பதைப் புணே நகரின் அனுபவத்தைக் கொண்டே பார்க்கலாம்.

பாடத்தின் அமைப்பு

மேல்நாட்டு முறையிலான வணிகக் கல்வி நம் நாட்டில் கல்லூரியிலிருந்து பள்ளிக்கு இறங்கி வந்தது என்று பொதுவாகக் கூறலாம். பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி 1913-இல் தொடங்கப்பெற்றது. புணேயில் டெக்கான் கல்விக் கழகத்தின் பிரஹன் மகாராஷ்டிர வணிகக் கல்லூரி 1943-இல் தோன்றியது. கோத்தாரி கல்விக் குழுவின் (1964-66) பரிந்துரைகளைத் தொடர்ந்து 10+2 என்னும் அமைப்பு மாநிலங்களில் பரவியபோது, கல்லூரியில் முதலாண்டில் கற்பிக்கப்பட்ட பாடப்பகுதிகள் பெரும்பாலும் மேனிலை வகுப்புக்கு வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டில் 1978-இல் மேனிலைக் கல்வி தொடங்கியபோதும் இதுவே நிகழ்ந்தது.

மகாராஷ்டிரத்தின் பாடநூல்களை வெளியிடும் 'பாலபாரதி' நிறுவனம் 1967 முதல் புணேயில் இயங்கிவருகிறது. அது 2019-இல் வெளியிட்ட பதினோராம் வகுப்பு நூலின் வரிசை இது: அறிமுகம், இரட்டைப் பதிவின் அடிப்படை, குறிப்பேடு, பேரேடு, துணை ஏடுகள், வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம், பிழை திருத்தம், தனியாள் வணிகத்தின் இறுதிக் கணக்குகள், ஒற்றைப் பதிவு முறை. பன்னிரண்டாம் வகுப்பில் கூட்டாண்மை, இலாப நோக்கற்ற அமைப்புகள், மாற்றுச்சீட்டு, பங்கு வெளியீடு முதலியன வருகின்றன. இவ்வரிசையில் தவறு காண்பதற்கில்லை. ஒரு கணக்கர் தம் மேசையில் செய்யும் வேலையின் வரிசை அது. ஆனால் வேலையின் வரிசையே கற்றலின் வரிசையாகவும் அமைய வேண்டும் என்பதில்லை. இறுதிக் கணக்குகள் எதற்காக என்பதை அறியாமலே மாணவர் எட்டு இயல்களைக் கடக்கின்றனர். வீட்டின் வரைபடத்தைக் காட்டாமல் செங்கல் அடுக்கச் சொல்வது போன்றது இது.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவோரும் அறிவியல் பிரிவுக்குச் செல்வோரும் இப்பாடத்தைக் காண்பதே இல்லை. 2017, 2018 ஆண்டுகளில் வெளிவந்த ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணித நூல்களில் நிதித் திட்டமிடல் பற்றிய இயல் சேர்க்கப்பட்டது. சேமிப்பு, வரி, சரக்கு சேவை வரி, பங்குகள் ஆகியன அதில் இடம்பெற்றன. நல்ல முயற்சியே. எனினும் வரியைக் கணக்கிடுவது வேறு, கணக்கு வைப்பது வேறு.

சொற்கள் தரும் இடர்

தொடக்க வகுப்பில் மாணவரைத் தடுமாறச் செய்வது எண்கள் அல்ல, சொற்களே. தமிழ் மாணவரை எடுத்துக்கொள்வோம். 'வரவு' என்றால் வருவது என்றே அவர் வீட்டில் கேட்டு வளர்ந்தவர். வகுப்பில், ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் 'பற்று' எழுதுமாறு ஆசிரியர் கூறுகிறார். வந்தது எப்படிப் பற்றாகும் என்னும் ஐயம் எழுகிறது. பெரும்பாலான வகுப்புகளில் அந்த ஐயத்துக்குக் கிடைக்கும் மறுமொழி, 'விதி அப்படித்தான்' என்பதே.

மராத்தி மாணவரின் நிலை இன்னும் சிக்கலானது. மராத்தியில் பற்றுக்கு 'நாவே' என்று பெயர். 'பெயரில்' என்பது அதன் பொருள். வரவுக்கு 'ஜமா'. நம் வருவாய்த்துறை அலுவலர்கள் அறிந்த ஜமாபந்தியில் உள்ள சொல்லே இது. குறிப்பேடு 'கீர்த்', பேரேடு 'கதாவணி', இருப்பாய்வு 'தேரீஜ்', இருப்புநிலைக் குறிப்பு 'தாளேபந்த்'. பேஷ்வாக்களின் ஆட்சியில் புணே பெரும் கணக்குச் சாவடியாக விளங்கிய நகரம். நானா பட்னவீஸின் பெயரில் உள்ள 'பட்னவீஸ்' என்பதே கணக்கு, ஆவணங்களை மேற்பார்த்த அலுவலரின் பதவிப் பெயர்தான். மோடி எழுத்தில் எழுதப்பட்ட அக்கால ஏடுகள் புணே ஆவணக் காப்பகத்தில் இன்றும் கட்டுக் கட்டாக உள்ளன. இத்தகைய சொல்வளம் ஆசிரியருக்குப் பெருந்துணை ஆகலாம். ஆனால் ஓர் இடையூறும் அதில் உண்டு. சிவப்புத் துணி அட்டையிட்ட நீண்ட நாட்டுமுறை ஏட்டில் ஜமா இடப்புறமும் நாவே வலப்புறமும் எழுதப்படும். கோடு போடுவதற்குப் பதில் தாளை மடித்துப் பத்திகளைப் பிரிப்பர். தந்தையின் கடையில் தீபாவளிக்கு அந்த ஏட்டுக்குப் பூசை செய்த சிறுவன் வகுப்புக்கு வந்ததும் பற்று இடப்புறம், வரவு வலப்புறம் என்று கேட்டுத் திகைக்கிறான். அவன் வீட்டு முறை தவறு என்று வகுப்பு அவனுக்கு மறைமுகமாகக் கூறிவிடுகிறது. இரண்டும் ஒரே உண்மையை வெவ்வேறு பக்கத்தில் எழுதும் வழக்கங்களே என்று ஆசிரியர் ஒரு நிமிடம் செலவிட்டுச் சொன்னால் போதும்.

'நாவே', 'பற்று' என்னும் இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை தெரிகிறது. இரண்டும் ஆள் கணக்கில் பிறந்தவை. மளிகைக் கடையில் ஒருவர் கடனுக்கு அரிசி வாங்கினால், அவர் பெயரில் பற்று எழுதப்படுகிறது. அவர் பணம் கட்டினால் வரவு வைக்கப்படுகிறது. இதில் எந்தச் சிறுவனுக்கும் ஐயம் எழாது. பெற்றவர் பொறுப்பாளர், திருப்பித் தந்தவரின் பொறுப்பு குறைகிறது. இதே பார்வையை ரொக்கத்துக்கும் நீட்ட வேண்டும். பணப்பெட்டியை ஓர் ஆளாகக் கருதச் செய்க. பெட்டி பணத்தைப் பெற்றுக்கொண்டது. ஆகவே அதற்குப் பொறுப்பு. பெட்டியின் பெயரில் பற்று. பெட்டியிலிருந்து பணம் வெளியே சென்றால் பெட்டியின் பொறுப்பு குறைகிறது, வரவு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கடைகளில் 'பெட்டியடிப் பையன்' என்று ஒரு பயிற்சி நிலை இருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த கிளைகளில் அத்தகைய சிறுவர் பெட்டியின் அருகே அமர்ந்தே பேரேட்டையும் ஐந்தொகையையும் கற்றனர். அவர்களுக்கு விதி எதுவும் எழுதித் தரப்பட்டிருக்கத் தேவையில்லை. மாலையில் பெட்டியில் குறையும் காசுக்கு விடை சொல்ல வேண்டியிருந்ததே விதியைக் கற்பித்தது.

வங்கிப் பாஸ் புத்தகத்தையும் இவ்விடத்தில் வகுப்புக்குக் கொண்டுவரலாம். மாணவி ஒருத்தி ரூ. 2,000 செலுத்துகிறாள். பாஸ் புத்தகத்தில் அது வரவாகப் பதிவாகிறது. அவளே தன் ஏட்டில் எழுதினால் வங்கிக் கணக்கில் பற்று எழுத வேண்டும். முரண்பாடு போலத் தோன்றுவது உண்மையில் முரண்பாடு அன்று. பாஸ் புத்தகம் வங்கியின் ஏட்டினது நகல். வங்கியின் பார்வையில் அவள் தந்தவள், வங்கி அவளுக்குக் கடன்பட்டது. அவளுடைய பார்வையில் வங்கி பெற்றது, ஆகவே வங்கியின் பெயரில் பற்று. இதனை உணர்ந்த மாணவிக்கு வங்கிச் சரிகட்டும் பட்டியல் பின்னர் எளிதாகிவிடும். அதைவிட முக்கியமான மற்றொன்றையும் அவள் அறிகிறாள். பாஸ் புத்தகத்தில் காணப்படும் இருப்பு, அவள் பெயரெழுதிய பெட்டியில் பூட்டி வைத்த பணம் அன்று. வங்கி அவளுக்குத் தர வேண்டிய கடன்.

விதிக்கு முன் சமநிலை

இத்தாலியத் துறவி லூக்கா பச்சியோலி 1494-இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். வெனிஸ் வணிகர் அதற்கு முன்பே கையாண்ட முறை அது. அம்முறையின் உள்ளீடு ஒரு சமன்பாடு: சொத்துகள் அனைத்தும் சேர்ந்து, பிறர்க்குத் தர வேண்டிய பொறுப்புகளும் உரிமையாளரின் முதலும் சேர்ந்த தொகைக்குச் சமம். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் பாடநூல் இச்சமன்பாட்டிலிருந்தே பதிவுகளைத் தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலும் பாரம்பரிய விதிகளோடு சமன்பாட்டு அணுகுமுறையைக் கூறுகிறது. ஆனால் நூலில் இருப்பது வகுப்பில் நிகழ்வதில்லை. பல வகுப்புகளில் சமன்பாடு ஒரே நாளில் முடிந்து, அதன்பின் ஆண்டு முழுதும் மூன்று விதிகளே ஆள்கின்றன.

மாற்று வழி ஒன்றை எடுத்துக்காட்டால் விளக்குவோம். புணேயின் புத்தகக் கடைத்தெருவான அப்பா பல்வந்த் சவுக்கில் ஒருவர் எழுதுபொருள் கடை தொடங்குவதாகக் கொள்வோம். அவர் ரூ. 20,000 ரொக்கத்துடன் தொடங்குகிறார். ஒருபுறம் ரொக்கம் 20,000. மறுபுறம் முதல் 20,000. அடுத்து ரூ. 8,000-க்கு நோட்டுப் புத்தகங்களை ரொக்கத்துக்கு வாங்குகிறார். ரொக்கம் 12,000, சரக்கு 8,000, மொத்தம் மாறவில்லை. பின்னர் மொத்த வணிகரிடம் ரூ. 5,000-க்குப் பேனாக்களைக் கடனாக வாங்குகிறார். சரக்கு 13,000 ஆகிறது. இடப்புற மொத்தம் 25,000. வலப்புறத்தில் கடனீந்தோர் 5,000, முதல் 20,000.

இப்போது விற்பனை. ரூ. 6,000 அடக்கவிலையுள்ள சரக்கை ரூ. 7,500-க்கு விற்கிறார். அதில் ரூ. 4,500 ரொக்கம், ரூ. 3,000 ஒரு பள்ளியிடமிருந்து வர வேண்டிய கடன். ரொக்கம் 16,500, சரக்கு 7,000, கடனாளி 3,000, மொத்தம் 26,500. கடனீந்தோர் 5,000. எஞ்சிய 21,500 முதல். முதல் ரூ. 1,500 உயர்ந்தது ஏன் என்று ஆசிரியர் கேட்க வேண்டும். இலாபம் என்னும் சொல்லை மாணவரே கூறுவர். அடுத்து வாடகை ரூ. 1,000 செலுத்தப்படுகிறது; ரொக்கம் 15,500, முதல் 20,500. இறுதியாக உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு ரூ. 800 எடுக்கிறார், ரொக்கம் 14,700, முதல் 19,700. இருபுறமும் 24,700.

கடைக்கு இலாபமா, நட்டமா? இக்கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் சற்று அமைதியாக இருப்பது நல்லது. ரொக்கத்தைப் பார்க்கும் மாணவர் ரூ. 5,300 நட்டம் என்பர். முதலைப் பார்க்கும் மாணவர் ரூ. 300 நட்டம் என்பர். உண்மையில் கடைக்கு ரூ. 500 இலாபம்: விற்பனையில் கிடைத்த 1,500-இலிருந்து வாடகை 1,000 போக எஞ்சியது. உரிமையாளர் எடுத்த 800 கடையின் செலவு அன்று. ரொக்கம், இலாபம், முதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை இந்த ஆறு நிகழ்ச்சிகள் காட்டிவிடுகின்றன. எத்தனையோ சிறு வணிகர்கள் இம்மூன்றையும் ஒன்றாக எண்ணித் தொழிலை இழந்திருக்கின்றனர். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே பையில் வைப்பவர், கடை நலிகிறதா வீடு மிகுதியாகச் செலவிடுகிறதா என்பதை அறியவே முடியாது.

இந்நிலைக்குப் பிறகே பற்று, வரவு என்னும் குறியீடுகளைப் புகுத்த வேண்டும். சமன்பாட்டின் இடப்புறத்தில் உள்ளவை உயர்ந்தால் பற்று, வலப்புறத்தில் உள்ளவை உயர்ந்தால் வரவு, குறைந்தால் நேர்மாறு. செலவு முதலைக் குறைப்பதால் பற்று, வருமானம் முதலை உயர்த்துவதால் வரவு. மூன்று விதிகளும் இதிலிருந்து தாமே கிளைக்கும்.

விதிகளை முதலில் கற்பதன் ஆபத்துக்கு ஒரு சான்று. 'எழுத்தருக்குச் சம்பளம் ரூ. 3,000 கொடுக்கப்பட்டது' என்று வினா வருகிறது. பெறுபவர் கணக்கில் பற்று என்று விதி சொல்வதால் மாணவர் எழுத்தரின் பெயரில் பற்று எழுதுகின்றனர். ஆசிரியர் அதை அடித்துச் சம்பளக் கணக்கில் பற்று என்று திருத்துகிறார். விதிப்படி எழுதியவர்க்கு விதியே தவறு என்று தோன்றிவிடுகிறது. அந்தப் பணத்தை எழுத்தர் திருப்பித் தர வேண்டுமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் உழைப்பை முன்பே தந்துவிட்டார். அவர் எதற்கும் பொறுப்பாளர் அல்லர். முன்பணம் பெற்றிருந்தால் மட்டுமே அவர் பெயரில் பற்று.

பிழையைத் தேடுதல்

கணக்குப் பதிவியலில் மாணவரின் மனம் உண்மையில் விழித்தெழும் பகுதி பிழை திருத்தம் என்பது என் கருத்து. ஆயினும் அது ஆண்டின் இறுதியில், நேரமில்லாத நாட்களில் நடத்தப்படுகிறது. இருப்பாய்வு பொருந்தவில்லை என்றால் எங்கே தேடுவது? வேறுபாடு 9-ஆல் வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கக்கூடும்: 540 என்பது 450 என எழுதப்பட்டால் வேறுபாடு 90. வேறுபாடு இரட்டை எண்ணானால் அதன் பாதித்தொகை தவறான பக்கத்தில் எழுதப்பட்டிருக்கலாம்: ரூ. 75 தள்ளுபடி பக்கம் மாறினால் வேறுபாடு ரூ. 150. இத்தகைய தேடலை மாணவர் விளையாட்டைப் போல விரும்புவர்.

இருப்பாய்வு பொருந்திவிட்டால் கணக்கு சரி என்னும் நம்பிக்கையையும் அப்போதே கலைக்க வேண்டும். இயந்திரத்தைப் பழுது பார்த்த செலவு ரூ. 900-ஐ இயந்திரக் கணக்கிலேயே பற்று எழுதிவிட்டால் இருப்பாய்வு குறைகூறாது. ஆனால் இலாபமும் சொத்தும் ரூ. 900 மிகைப்பட்டு நிற்கும். இதுவே விதிப்பிழை. அறியாமையால் செய்தால் பிழை. அறிந்தே பெருந்தொகையில் செய்தால் மோசடி. ஏட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அரசு அலுவலகங்களில் 'அனாமத்து' என்னும் சொல்லை அறியாதவர் இலர். காரணம் தெரியாத வேறுபாட்டைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் வைப்பது நேர்மையான செயல். அங்கேயே பல்லாண்டுகள் கிடக்க விடுவது அவ்வாறன்று.

பழைய ஆசிரியர்கள் கணக்கேட்டில் அழிப்பானைப் பயன்படுத்த விடமாட்டார்கள். தவற்றை அடித்துவிட்டுத் திருத்தப் பதிவு எழுத வேண்டும். அது வெறும் கண்டிப்பு என்றே மாணவர் எண்ணினர். கணினியில் கணக்கு வைக்கும் நிறுமங்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் நாளையும் அழிக்க இயலாத வகையில் பதிவு செய்யும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி கூறுகிறது. கருத்து ஒன்றே. குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதுவதையும் கூட்டுவதையும் இன்று டேலி போன்ற மென்பொருள்கள் நொடியில் செய்துவிடுகின்றன. ஆகவே எடுத்தெழுதும் பயிற்சிக்கு ஒதுக்கும் பாடவேளைகளைத் தயங்காமல் குறைக்கலாம். பழுது பார்த்தது செலவா சொத்தா என்பதை மென்பொருள் தானே அறியாது. அந்த நேரத்தை இதற்குத் தரலாம்.

கணக்கை வாசித்த ஆசிரியர்

கணக்கு எழுதுவோரைவிடக் கணக்கை வாசிக்க வேண்டியவர்கள் நாட்டில் மிகுதி. இதற்குப் புணே தந்த சிறந்த சான்று கோபால கிருஷ்ண கோகலே. அவர் புணேயில் பள்ளியிலும் பெர்குசன் கல்லூரியிலும் ஆசிரியராகப் பணியாற்றியவர். எண்கணிதப் பாடநூல் ஒன்றையும் உருவாக்கியவர். இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் 1897-இல் இலண்டனில் சாட்சியம் அளித்தார். 1902 மார்ச் 26-ஆம் நாள் மத்தியச் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய முதல் வரவு செலவுத் திட்ட உரை இன்றும் பேசப்படுகிறது.

அப்போது அரசின் கணக்கில் ஆண்டுதோறும் உபரி காணப்பட்டது. நாட்டின் வளத்துக்கு அதுவே சான்று என்று அரசு கூறியது. கோகலே எண்களை மறுக்கவில்லை. எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். 1893-இல் நாணயச் சாலைகள் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்ட பின்னர் ரூபாயின் பவுன் மதிப்பு செயற்கையாக உயர்ந்தது. அதனால் இங்கிலாந்தில் பவுனில் செலுத்த வேண்டிய செலவுகளுக்குக் குறைந்த ரூபாய்கள் போதுமாயின. ஆனால் மதிப்புக் குறைந்திருந்த நாளில் உயர்த்திய வரிகள் குறைக்கப்படவில்லை. பஞ்சமும் கொள்ளை நோயும் வாட்டிய மக்களிடமிருந்து தேவைக்கு மேல் வரி பெறப்படுவதையே உபரி காட்டுகிறது என்பது அவர் வாதம். மேலே கண்ட கடைக் கணக்கில் ரொக்கத்தையும் இலாபத்தையும் பிரித்தறிந்த மாணவருக்கு இவ்வாதம் விளங்கும்.

கூட்டுறவும் உறுப்பினரும்

மகாராஷ்டிரத்தில் கணக்கறிவு எல்லோருக்கும் தேவைப்படுவதற்கு மற்றொரு காரணம் கூட்டுறவு. சர்க்கரை ஆலை, கடன் சங்கம், நகர வங்கி, வீட்டுவசதிச் சங்கம் என மக்களின் வாழ்வில் அது பல வடிவில் கலந்துள்ளது. பிரவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை விட்டல்ராவ் விகே பாட்டீல் உருவாக்கியபோது, புணே கோகலே பொருளியல் நிறுவனத்தின் தனஞ்செயராவ் காட்கில் உடன்நின்றார். கூட்டுறவில் உறுப்பினரே உரிமையாளர். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பின்னர் நிகழும் ஆண்டுப் பொதுக்குழுவில் தணிக்கை செய்த கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்படுகிறது. அதை வாசிக்கத் தெரியாதவர் கை தூக்குவதற்கு மட்டுமே வந்தவராகிறார்.

புணேயில் 1912-இல் தோன்றிய ரூபீ கூட்டுறவு வங்கி 2013 முதல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடுகளின்கீழ் இருந்தது. வைப்புத்தொகையை எடுப்பதற்கு வரம்பு விதிக்கப்பட்டது. போதிய மூலதனமும் வருவாய் ஈட்டும் வாய்ப்பும் இல்லை என்னும் காரணம் காட்டி 2022-இல் அதன் உரிமம் நீக்கப்பட்டது. வைப்புக் காப்பீட்டின் வரம்பு 2020-இல் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாயாக உயர்ந்திருந்தது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு அக்காப்பீடு இல்லை. பள்ளிப் பாடம் படித்த வைப்பாளர் இதனைத் தவிர்த்திருப்பார் என்று கூறுவதற்கில்லை. ஆனால் வைப்புத்தொகை வங்கியின் பொறுப்புப் பக்கத்தில் நிற்கும் கடன் என்பதையும், அதைத் தாங்குவது மறுபக்கத்துக் கடன்களின் தரமும் வங்கியின் மூலதனமுமே என்பதையும் அறிந்தவர், இருப்புநிலைக் குறிப்பில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதையேனும் அறிந்திருப்பார்.

வகுப்பறைக்கு மிக அருகில் கிடைக்கும் பொருள் வீட்டுவசதிச் சங்கத்தின் ஆண்டறிக்கை. புணேயில் அடுக்கு வீடுகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றில் அது ஆண்டுதோறும் வந்து சேர்கிறது. பெறுதல் செலுத்தல் கணக்குக்கும் வருமானச் செலவினக் கணக்குக்கும் உள்ள வேறுபாடு பன்னிரண்டாம் வகுப்பில் இலாப நோக்கற்ற அமைப்புகள் பற்றிய இயலில் வருகிறது. மாணவர் பாடநூலின் கற்பனைக் கழகங்களுக்கு மாற்றாக இவ்வறிக்கையையே எடுத்துக்கொள்ளலாம். இவ்வாண்டு கிடைத்த பராமரிப்புக் கட்டணத்தில் சென்ற ஆண்டு நிலுவை எவ்வளவு? கட்டடப் பெரும்பழுதுக்கான ஒதுக்கு நிதி ஏட்டில் மட்டும் உள்ளதா, அதற்கு நிகரான வைப்பு வங்கியில் உள்ளதா? இரண்டாம் கேள்வியைக் கேட்கும் பதினேழு வயது மாணவி சங்கச் செயலாளருக்குச் சற்றுச் சங்கடம் தரக்கூடும், அதில் தவறில்லை. ஆசிரியர் பெயர்களை நீக்கிவிட்டு அறிக்கையை வகுப்பில் பயன்படுத்துவது முறை.

பள்ளிக்குள்ளேயும் வாய்ப்புகள் உண்டு. 'சஞ்சயிகா' என்னும் பள்ளிச் சேமிப்பு வங்கித் திட்டம் நடந்த காலத்தில் மாணவரே பணம் பெற்றுக் கணக்கு எழுதினர். மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை உள்ள பள்ளிகளில் சரக்கு இருப்பை எண்ணி ஏட்டோடு ஒப்பிடும் வேலையை வணிகப் பிரிவுக்கே தரலாம். ஏட்டில் 48 பெட்டிகள், அடுக்கில் 45 என்று முதல்முறை காணும் மாணவர், சான்றுச்சீட்டு எதற்கு என்று அதன்பின் கேட்பதில்லை.

தேர்வும் வினாவும்

எவ்வளவு சிறந்த முறையைப் பரிந்துரைத்தாலும் தேர்வு மாறாவிட்டால் வகுப்பு மாறாது. ஆசிரியர்களை இதற்காகக் குறை கூறுவது பொருந்தாது. இருபது சரிக்கட்டுதல்களுடன் ஒரு நீண்ட இறுதிக் கணக்கைத் தந்து, இருபுறமும் பொருந்தினால் முழு மதிப்பெண் என்னும் வினா, வேகத்தையும் மனப்பாடத்தையும் அளக்கிறது. அதை நீக்க வேண்டியதில்லை. அதனோடு சிறு வினாக்கள் சிலவற்றைச் சேர்க்கலாம். பொருந்திய இருப்பாய்வு ஒன்றைத் தந்து அதில் மறைந்துள்ள விதிப்பிழையைக் காணச் சொல்லலாம். ஒரே நிகழ்ச்சியை வாங்குபவர், விற்பவர், வங்கி ஆகிய மூவரின் ஏட்டிலும் பதியச் சொல்லலாம்.

மேலே கண்ட எழுதுபொருள் கடையைக் கொண்டே ஒரு வினா அமைக்கலாம். தொடக்கத்தில் ரூ. 20,000, முடிவில் ரூ. 14,700, இலாபம் ரூ. 500. ரொக்கம் ரூ. 5,300 குறைந்தது எங்கே? விடையை ஐந்து வரிகளில் எழுதிவிடலாம். சரக்கில் 7,000 முடங்கியுள்ளது. கடனாளியிடம் 3,000 நிற்கிறது. அவ்விரண்டிலும் 5,000-ஐக் கடனீந்தோர் தாங்குகின்றனர், ஆகவே நிகரமாக முடங்கியது 5,000. உரிமையாளர் எடுத்த 800-இல் இலாபம் 500-ஐக் கழிக்க 300. இரண்டும் சேர்ந்து 5,300. இதற்கு எட்டு மதிப்பெண் தரலாம். விடைத்தாளில் பற்று, வரவு என்னும் சொற்கள் ஓரிடத்திலும் வராவிட்டாலும் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை.